முற்றத்து முதிய மரம்

பிழைப்பின் நிமித்தம் ஊரைவிட்டு வந்த நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு வீடுகள் உண்டு. மும்பையிலோ பெங்களூரிலோ டில்லியிலோ நாம் குடியிருக்கும் வீடு ஒன்று. வயது சென்ற பெற்றோர் தனித்து வாழ்கிற, அல்லது பூட்டிக் கிடக்கிற ஊர்வீடு மற்றொன்று. இவ்விரண்டின் வளாகத்திலும் நமக்கு முன்பே வந்து வேரூன்றிய மரம் ஒன்றாவது நிற்கும். அந்த மரம் முதுமை அடையும்போது அதை என்ன செய்வது என்பது குடும்பங்களுக்குள்ளும் அயலாருக்குள்ளும் எவ்வளவு பெரிய மனத்தாங்கலாக வளர்கிறது என்பதை வீடுசந்திப்புகளில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். மரத்தைப்பற்றிப் போதகரிடம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பாகப்பிரிவினை, மருமகள் மாமியார் வருத்தம் ஆகியவற்றின் கூடவே மரமும் வந்துவிடுகிறது. வேதாகமக் கல்லூரியில் இது எங்களுக்குப் பாடமாக இருந்ததில்லை.

கேள்வி எப்போதும் ஒரே வடிவில்தான் வரும். "ஐயா, வெட்டிவிடலாமா?" இருபத்தைந்து ஆண்டு ஊழியத்தில், "ஐயா, இந்த மரத்தை எப்படிப் பராமரிப்பது?" என்று கேட்டவர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். பயந்தவர் வெட்டச் சொல்கிறார். பாசம் கொண்டவர் தொடாதே என்கிறார். இருவருமே மரத்தின் அருகே சென்று அதை நிமிர்ந்து பார்த்ததில்லை என்பதே நான் கண்ட உண்மை.

மார்த்தாண்டத்துக்கு அருகே எங்கள் ஊர்வீட்டின் மேற்புறத்தில் ஒரு பலா நிற்கிறது. என் பாட்டனார் நட்டது. எழுபது வயதுக்குக் குறையாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சூறையாடியபோது ரப்பரும் வாழையும் தென்னையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. எங்கள் பலா சாயவில்லை. ஆனால் ஒரு பெருங்கிளை முறிந்து விழுந்தது. முறிந்த இடத்தில் பார்த்தால் உள்ளே பொந்து. மூன்றாம் நாளே ஒரு மரவியாபாரி வந்து நின்றார். "உள்ளே ஒன்றுமில்லை, அடுத்த காற்றுக்கு வீட்டின்மேல் விழும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒன்றுமில்லாத மரத்துக்கு 30,000 ரூபாய் தருவதாகவும் சொன்னார். என் தம்பி மும்பைக்குத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, கொடுத்துவிடலாம். அம்மா தனியாக இருக்கிறாள்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மாவுக்கு அப்போது 81 வயது. அவள் படுத்து உறங்குவதும் அந்த மேற்கு அறையில்தான்.

வெட்டினால் இலாபம் அடைகிறவரிடம் மரத்தின் நலத்தை விசாரிப்பது முறையன்று. ஆகையால் நான் ஊருக்குப் போய், வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். நாங்கள் எல்லாரும் மேலே பொந்தையே காட்டிக்கொண்டிருந்தோம். அவரோ அதை ஏறிட்டும் பாராமல், குனிந்து மரத்தின் அடியைச் சுற்றி நடந்தார். மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்திருக்கிறதா, வேர் மேலே எழும்பியிருக்கிறதா என்று பார்த்தார். தூரிலும் வேர்களின்மேலும் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அதன்பின் சற்றுத் தூரம் விலகிச் சென்று உச்சியைப் பார்த்தார். நுனிக்கிளைகள் பட்டுப்போய் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தால் வேருக்கு நோவு என்று அர்த்தமாம். எங்கள் பலாவின் உச்சி அடர்ந்து பசுமையாக இருந்தது. பிறகுதான் ஒரு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். கடைசியாக ஒரு இரும்புக் கம்பியைப் பொந்துக்குள் விட்டு அளந்தார்.

அவர் சொன்ன கணக்கை நான் குறித்துவைத்திருக்கிறேன். மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 9 அடி. அப்படியானால் விட்டம் 34 அங்குலம், ஆரம் 17 அங்குலம். உள்ளே குடைவு 18 அங்குலம் அகலம். ஆகவே சுற்றிலும் நல்ல மரம் 8 அங்குலம் இருக்கிறது. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்கு நல்ல சுவர் சுற்றிலும் இருந்தால் குழாய் போல அது நிற்கும் என்பது மரம் பார்க்கிறவர்களின் பொதுவான அளவுகோல். எங்கள் பலாவுக்கு 6 அங்குலம் போதும், 8 இருந்தது. பொந்து ஒரு பக்கமாகத் திறந்து வாய் பிளந்திருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

எல்லாம் முடிந்தபின் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "மரம் விழுமா, விழுமா என்று கேட்கிறீர்கள். விழுந்தால் யார்மேல் விழும் என்று ஏன் கேட்கவில்லை?" யாரும் நடமாடாத தோட்டத்து மூலையில் உளுத்த மரம் நின்றாலும் ஆபத்தில்லை, தொட்டிலின்மேல் நீட்டிய ஒரு சிறு பட்டுப்போன கிளையோ பெரிய ஆபத்து. மரத்தை நகர்த்த முடியாது. கட்டிலை நகர்த்தலாம் அல்லவா? அன்று மாலையே அம்மாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். இதற்கு அவள் ஒரு முறுமுறுப்பும் சொல்லவில்லை. "பிலாவு அங்ஙன நிக்கட்டும் மக்களே, நான் மாறிப் படுக்கியேன்" என்றாள். கூரையின்மேல் நீண்டிருந்த கிளையின் நுனிப்பாரத்தை இரண்டு ஆண்டுகளில் இரண்டு தவணையாகக் குறைத்தோம். அம்மா 2022-இல் அந்த முன்னறையிலேயே, முதுமையினால், சமாதானமாகக் கண்மூடினாள். பலா காய்த்துக்கொண்டிருக்கிறது. வியாபாரி இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உள்ளே பொந்து விழுந்த மரம் எப்படிப் பசுமையாக இருக்கிறது என்று பலர் ஆச்சரியப்படுவதுண்டு. நாம் வைரம் என்று சொல்லும் நடுக்கட்டை, உயிர் அடங்கிய பாகம். அது மரத்தைத் தாங்குகிறதேயன்றி அதற்கு உணவூட்டுவதில்லை. நீரை மேலே ஏற்றுவது அதற்கு வெளியே உள்ள வெள்ளைக் கட்டை. இலையில் தயாரான உணவைக் கீழே இறக்குவது பட்டையின் உட்புறம். எனவே பொந்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அஞ்ச வேண்டும். எருமையைக் கட்டிய கயிறும், விளம்பரப் பலகையைக் கட்டிய கம்பியும், விழாக்காலத்தில் சுற்றிய விளக்குச் சரமும் வருடக்கணக்கில் கழற்றப்படாமல் மரத்துக்குள் புதைந்து போவதைக் கண்டிருப்பீர்கள். பொந்து செய்யாத கேட்டை அந்தக் கம்பி செய்கிறது.

அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர். 1977-இல் அவர் வெளியிட்ட முடிவு, மரத்தைப்பற்றிய பழைய எண்ணங்களைப் புரட்டிப்போட்டது. மனிதனுடைய காயம் ஆறுகிறது; வெட்டுப்பட்ட தசை மீண்டும் தசையாகிறது. மரத்தின் காயமோ ஆறுவதில்லை. அழுகிய பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளே மதில் எழுப்பி, அதை அப்படியே அடைத்து வைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே மரத்தின் உட்புறத்தில் அது பட்ட ஒவ்வொரு காயமும் பூட்டிய அறையாக இருந்துகொண்டே இருக்கிறது.

இது தெரிந்தால் நம் ஊர் வைத்தியங்கள் பலவற்றை விட்டுவிடலாம். பொந்துக்குள் சிமெண்ட் கலவையை அடைக்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது. காற்றில் மரம் அசையும், சிமெண்ட் அசையாது, இரண்டுக்கும் நடுவே உராய்ந்து, ஈரம் தங்கி, மதில் உடைந்து, அழுகல் பரவும். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் அப்படியே. மரம் எழுப்பிய மதிலை நாமே இடித்துவிடுகிறோம். வெட்டிய இடத்தில் தார் பூசுவதாலும் பெயிண்ட் பூசுவதாலும் அழுகல் நிற்பதில்லை. பொந்தில் கிளி குடியிருக்குமானால் இருக்கட்டும்.

கிளை கழிப்பதைக் குறித்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் முதிய மரங்களைக் கொல்வது புயலைக்காட்டிலும் தவறான வெட்டுதான் என்பது என் எண்ணம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில், கழுத்துப்பட்டை போலச் சற்றே பருத்த ஒரு வளையம் இருக்கும். மதில் எழுப்பும் ஆற்றல் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து அடிமரத்தோடு மட்டமாக அறுத்துவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும். அழுகல் நேரே அடிமரத்துக்குள் இறங்கும். அதற்காக ஒரு முழ நீளக் குச்சியை விட்டுவிட்டாலும் அது பட்டுப்போய் அழுகும். வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி அறுக்க வேண்டும். கனத்த கிளையாயின் மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழ்ப்புறத்திலிருந்து சிறிது அறுத்து, பின்பு அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கி, மிஞ்சிய கட்டையைக் கடைசியாக வளையத்தின் அருகே அறுக்க வேண்டும். ஒரே வெட்டில் அறுத்தால், கிளை தன் பாரத்தில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் வாழைநார் போலக் கிழித்துக்கொண்டு போகும். இதை எந்த மரம் வெட்டுகிறவரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார். கீழே நின்று சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இதைவிடக் கொடியது மொட்டையடிப்பது. மழைக்காலத்துக்கு முன்பு மும்பை வளாகங்களில் தலையில்லாத மரங்கள் கைகளை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம். பாரம் குறைந்தது என்று கமிட்டி திருப்தி அடைகிறது. இரண்டு ஆண்டுகளில் அந்தக் கட்டைகளிலிருந்து துடைப்பம் போலப் புதுக்கிளைகள் புறப்படும். அவை உள்ளிருந்து வந்தவை அல்ல. பட்டையின் மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை. கீழே கட்டை அழுகும், மேலே கிளை கனக்கும். முன்பு இல்லாத ஆபத்தைப் பணம் கொடுத்து உண்டாக்கிக்கொள்கிறோம். ஒரே வருடத்தில் இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது. முதிய மரத்துக்கு அதிலும் குறைவாகவே எடுக்க வேண்டும். வயதானவர் நோய்வாய்ப்பட்டால் முதலில் சாப்பாட்டையா குறைக்கிறோம்? மரத்துக்கு இலைதான் சாப்பாடு.

புல்லுருவிக்கு மாத்திரம் இரக்கம் காட்ட வேண்டாம். ஊரிலுள்ள முதிய மாமரங்களில் வேறுவிதமான இலையோடு ஒரு கொத்துத் தனியே தொங்குவதைக் கண்டால் அதுதான். சிறு பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிடுகின்றன. அது பழுக்கும் முன்பே, ஒட்டியிருக்கும் கிளைப்பகுதியையும் சேர்த்து வெட்டியெறிய வேண்டும். இலையை மட்டும் பிய்த்தால் மறுபடி தழைக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. புளியமரம், அரசமரம் ஆகியவை வளாகத்தில் நின்றால் அதில் ஏதோ குடியிருக்கிறது என்று பயந்து வெட்ட நினைக்கிற விசுவாசிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். புது வீடு வாங்கியவுடன் ஜெபத்துக்கு அழைத்து, பின்வாசலுக்குக் கூட்டிச் சென்று மரத்தைக் காட்டுவார்கள். மரம் மரமே. அதில் குடியிருப்பவை காகமும் அணிலும். அயலார் அதில் நூல் கட்டுவதும் குங்குமம் இடுவதும் அவர்களுடைய காரியம். சுவரைப் பிளந்துகொண்டு முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கத்தான் வேண்டும். அது சுவரின் நிமித்தம்.

இனி நகரத்துக்கு வருகிறேன். மும்பையின் கிழக்குப் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் சொசைட்டிக் கட்டடம் 1974-இல் கட்டப்பட்டது. வளாகத்தில் கட்டடத்துக்கும் மூத்த ஒரு தூங்குமூஞ்சி மரமும், கட்டியபோது நட்ட இரண்டு குல்மொகர் மரங்களும், மூன்று தென்னைகளும் இருந்தன. குல்மொகர் என்பது நம் ஊரில் செம்மயிற்கொன்றை என்று சொல்லப்படுவது. தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பகுதியிலிருந்தும், குல்மொகர் மடகாஸ்கர் தீவிலிருந்தும் வந்தவை. அவையும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவைதானே என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியதை மும்பைவாசிகள் மறக்க முடியாது. அதன்பின் எங்கள் சொசைட்டி, தண்ணீர் உள்ளே வராதிருக்க வளாகத்தை ஒன்றரை அடி உயர்த்தியது. நான்கு ஆண்டு கழித்துப் பேவர் பிளாக் கற்களை மரத்தின் கழுத்துமட்டும் நெருக்கிப் பதித்தது. வண்டி நிறுத்த வசதியாயிற்று. மரங்களுக்கோ மூச்சு அடைத்தது. மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான வேர்கள் மேல்மட்ட இரண்டடி மண்ணிலேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் படர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு நீரைப்போலவே காற்றும் தேவை. உங்கள் வளாகத்து மரம் அடியில் யானைக்கால் போல விரிந்து மண்ணுக்குள் இறங்குகிறதா, தந்திக்கம்பம் போல நேராக இறங்குகிறதா என்று இன்றே பாருங்கள். தந்திக்கம்பம் போல இருந்தால் யாரோ எப்போதோ மண்ணைக் கொட்டி அதை மூடியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அதன் பலன் உடனே தெரியாது. ஐந்து, பத்து ஆண்டுகளில் உச்சி வாடத் தொடங்கும்போது, கொட்டியவர் வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார்.

டில்லியில் மரங்களின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் வரையிலுள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது முதிய மரத்துக்குக் கைக்குட்டை அளவுதான். ஆனாலும் அதையாவது செய்யலாம். அத்திமரத்தை வெட்டிப்போடச் சொன்ன எஜமானிடம் தவணை கேட்ட தோட்டக்காரனை நாம் அறிவோம். அவன் சும்மா தவணை கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடுவதாகச் சொல்லிக் கேட்டான். முதிய மரத்துக்கு மண்வெட்டியால் ஆழக் கொத்த வேண்டாம், வேர் அறுபடும். விழுந்த இலைகளைக் குவித்துக் கொளுத்தாமல், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிவைத்தால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒருமுறை கிளை நிழலின் ஓரத்தில் நீர் விடலாம். அடிமரத்தில் ஊற்றுகிற நீரால் பயனில்லை. கட்டட வேலைக்காரர்கள் சிமெண்ட் சட்டியைக் கழுவும் இடம் மரத்தடியாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 மே 17 அன்று தவ்தே புயல் மும்பைக் கரையை ஒட்டிச் சென்றது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. நகரமெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பக்கத்து வளாகத்தில் ஒரு மரம் நான்கு இருசக்கர வண்டிகளின்மேல் விழுந்தது. மறு ஞாயிறு எங்கள் சொசைட்டிக் கூட்டத்தில், அத்தனை மரங்களையும் வெட்டிவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2017 ஜூலையில் செம்பூரில் காலைநடை சென்ற பெண்மணி ஒருவர்மேல் தென்னை முறிந்து விழுந்து அவர் இறந்துபோனதை ஒருவர் எடுத்துச் சொன்னார். அதற்கு எதிராக யார் வாய் திறப்பது? நானும் அந்தப் பயத்தை அற்பமாக எண்ணவில்லை. என் மனைவியும் அதே தென்னைகளின் கீழேதான் நடக்கிறாள்.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றே. ஆறு மரங்களை ஒரே மரமாக எண்ணித் தீர்ப்புச் செய்யாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒருவர் பார்க்கட்டும். எப்படியும் மாநகராட்சியின் அனுமதியின்றி வெட்ட முடியாது. மகாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்து மரமானாலும் அது பொருந்தும். அந்தச் சட்டத்தில் வெட்டுவது என்ற சொல்லுக்குள் எரிப்பதும் எவ்விதத்திலாவது சேதப்படுத்துவதும் அடங்கும். ஆகவே இரவோடு இரவாக வேரில் அமிலம் ஊற்றுகிற தந்திரமும் குற்றமே. 2021-இல் செய்த திருத்தத்தின்படி 50 வயதும் அதற்கு மேலும் உள்ள மரங்கள் பாரம்பரிய மரங்களாகக் கருதப்படுகின்றன. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், டில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. வார்டு அலுவலகத்துக்கு நடப்பது சலிப்பான வேலைதான். நான் நான்கு முறை நடந்தேன்.

பார்த்ததில் தெரிந்தது இது. தென்னைகள் மூன்றும் திடமாக இருந்தன. காய்ந்த மட்டையையும் காயையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இறக்கினால் போதும். தென்னைக்கு மற்ற மரங்களைப்போல வருடந்தோறும் பருக்கும் புறப்படலம் கிடையாது. அதனால் ஏறுவதற்காக வெட்டிய படிகள் அதன் ஆயுள் முழுவதும் மூடாமல் வடுவாகவே நிற்கும். படி வெட்டாமல், தளையிட்டோ கருவியைக் கொண்டோ ஏறுகிறவரையே வையுங்கள். அடியில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்து, கொண்டை சிறுத்துக்கொண்டே வந்தால் அப்போது கவலைப்படலாம். நம் டெல்டாப் பகுதியில் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற நோயின் அடையாளம் அது. தூங்குமூஞ்சியில் மாவுப்பூச்சி இருந்தது. இந்தப் பூச்சி மும்பையில் பல தூங்குமூஞ்சி மரங்களைப் பட்டுப்போகச் செய்திருக்கிறது. எங்கள் மரத்தில் ஒரு கிளை மாத்திரம் காய்ந்திருந்தது. அதை அறுத்தோம், அடியிலிருந்த பேவர் கற்களை ஆறடி வட்டத்துக்குப் பெயர்த்தோம், கொட்டிய மண்ணைக் கையினால் அள்ளி எடுத்தோம். அந்த வட்டத்துக்காக இரண்டு கார்களுக்கு இடம் போயிற்று. அந்த மனத்தாங்கல் இன்னும் முழுவதும் தீரவில்லை.

தெற்கு மூலையிலிருந்த குல்மொகர்தான் கடினமான காரியம். பார்வைக்கு அதுவே எல்லாவற்றிலும் செழுமையாக இருந்தது. மே மாதத்தில் தீப்பிடித்தது போலப் பூத்திருந்தது. ஆனால் தூரில், கற்களின் ஓரத்தில், கையகலத்தில் தட்டுக் காளான் மூன்று அடுக்காக நின்றது. சுத்தியலால் தட்டினால் பறை போல ஒலித்தது. சாய்வுக்கு எதிர்ப்புறம் கற்கள் வரிசையாக விரல்கனம் எழும்பியிருந்தன. ஓராண்டுக்கு முன் அவை மட்டமாக இருந்ததை வாட்ச்மேன் உறுதியாகச் சொன்னார். பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளைகள் நிற்கும் இடம் அதன் கீழேதான். கட்டிலை மாற்றியது போல இங்கே மாற்ற முடியவில்லை, வளாகத்துக்கு வாசல் ஒன்றே.

அந்த மரத்துக்கு நேரே தரைத்தள வீட்டில் ஒரு குஜராத்தி அம்மையார் இருக்கிறார். கைம்பெண், எழுபதைக் கடந்தவர். அந்தக் கன்றை நட்டது அவருடைய கணவர். வெட்டச் சொன்னவர்கள் எல்லாரும் அவரிடம் சொல்லும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள். போதகரல்லவா, துக்கச் செய்தி சொல்லப் பழகியவர் என்று நினைத்தார்கள் போலும். நான் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "பென், கொஞ்சம் வெளியே வாருங்கள்" என்று அழைத்து, குனிந்து காளானைக் காட்டினேன். எழும்பிய கற்களைக் காட்டினேன். சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் தூங்குமூஞ்சியைத் தட்டிப் பார்த்தார், பிறகு இதைத் தட்டினார். இரண்டு ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டபின் சுத்தியலைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனார். மறுநாள் கமிட்டிக்கு ஆட்சேபம் இல்லையென்று எழுதிக்கொடுத்தார்.

அனுமதி வந்து, மழைக்கு இடையே ஒரு வெயில் நாளில் மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கினார்கள். அடிக்கட்டை கிடந்தபோது எல்லாரும் வந்து பார்த்தார்கள். வேர்ப்பகுதி கடற்பஞ்சு போல இருந்தது. விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. மரத்தைக் காக்க வேண்டும் என்று அதிகம் வாதாடியவர்களும் அன்று ஒன்றும் பேசவில்லை.

அந்த இடத்தில் மறுபடி என்ன வைப்பது என்று கேட்டபோது, சீக்கிரம் வளருகிறதாக வையுங்கள் என்று கமிட்டியில் பலர் சொன்னார்கள். அம்மையார் மட்டும் பகுள் வேண்டும் என்றார். நம் மகிழமரம்தான் அது. சுவரிலிருந்து பத்தடி தள்ளி, பேவர் கற்கள் நெருங்காதபடி அகலக் குழி எடுத்து, கன்றின் கழுத்து மண்ணுக்குள் புதையாமல் நட்டோம். "பென், இது மெதுவாக வளரும் மரம். பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்" என்று நான் சொன்னேன்.

"தெரியும்" என்று சொல்லி, கையிலிருந்த செம்புத் தண்ணீரை ஓரமாக ஊற்றினார்.